மண்ணைக் கேட்டுத்தான் மெஷின் வாங்கணும்!

சாயங்காலம் குளிக்கப் போகும்போதுதான் அந்த அம்மாவின் கை கழுத்துக்குப் போனது. தாலிச் செயின் இல்லை.

சேலையை உதறிப் பார்த்தார். குளியலறை, அடுப்படி, மாட்டுக்கொட்டம், வாசல் திண்ணை என எல்லா இடத்திலும் தேடினார். காலையில் தோட்டத்துக்குக் கிளம்பும்போது செயின் கழுத்தில் இருந்தது நிச்சயம். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது இருந்ததா என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

செயின் மூன்றரைப் பவுன். தாலியும், அதன் இரண்டு பக்கமும் கோத்த நான்கு குண்டும் தனி. செயின் இரண்டு தடவை நகைக்கடனுக்காக வங்கிக்குப் போய் வந்திருக்கிறது. அப்போதெல்லாம் தாலியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, செயினை மட்டும்தான் அடகு வைப்பார். முப்பத்தாறு வருஷமாகக் கழுத்தை விட்டு இறங்காத தாலி அது.

வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. கடைக்குப் போய் மஞ்சள் கயிறு வாங்கி வந்தார். விரலி மஞ்சள் ஒன்றை அதில் கட்டிப் போட்டுக்கொண்டு அன்று ராத்திரி அந்த அம்மா படுத்தார். தூங்கவில்லை.

மூன்று முறை கேட்ட கேள்வி

தேனி மாவட்டம் சின்னமனூருக்குப் பக்கத்தில், மேகமலை கண்ணில் படும் தூரத்தில் இருக்கும் ஊர் ஓடைப்பட்டி. கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் எல்லோருக்கும் பன்னீர் திராட்சை ஞாபகம் வரும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய திராட்சை அது. ஓடைப்பட்டியில் விதையில்லாத் திராட்சையும் பேர் போனது. கல்தூண் நட்டு, தலைக்கு மேலே கம்பி இழுத்துக் கட்டிய பந்தலில் கொடி படர்ந்திருக்கும்.

செயின் தொலைந்த நாளில் அந்தத் தோட்டத்தில் கவாத்து நடந்தது. ஆண்கள் கொடியை வெட்ட, பெண்கள் குச்சிகளைப் பொறுக்கி அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். கூலிக்கு வந்த பெண்கள் ஐந்து பேர். அந்த அம்மாவும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்.

மறுநாள் காலையில் ஐந்து பேரிடமும் கேட்டார். நான்கு பேரிடம் ஒரு தடவை. ஒருவரிடம் மட்டும் மூன்று தடவை.

பதினெட்டு வருஷமாக அந்தத் தோட்டத்துக்கு வேலைக்கு வருபவர் அவர். வீட்டின் இளைய மகன் அவரைச் ‘சின்னம்மா’ என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கு அந்த அம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்தவரும் அவர்தான். “நீ பார்த்தியா?” என்ற கேள்வியில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால், மூன்றாவது முறை அதைக் கேட்டது டீ நேரத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

சின்னம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தார். தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. “அதான் வரலையே...” என்று ஊரில் யாரோ இழுத்தார்கள். வராததே சாட்சி ஆகிவிட்டது.

முதல் மெஷின் போட்ட கூச்சல்

இளைய மகன் சின்னமனூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். ரிப்பேருக்கு வந்த ஒருவர் பேச்சுவாக்கில் சின்னம்மாவின் பேரைச் சொன்னபோதுதான் விஷயம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. சின்னம்மா எடுத்திருக்க மாட்டார் என்று வாயால் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. செயினைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

அன்று ராத்திரியே ஆன்லைனில் மெட்டல் டிடெக்டர் தேடினான். இருப்பதிலேயே விலை குறைவானது கண்ணில் பட்டது. ‘பத்தடி ஆழம் வரை தங்கம் காட்டும்’ என்று போட்டிருந்தது. யோசிக்காமல் பணம் கட்டினான்.

நான்கு நாளில் பார்சல் வந்தது. வீட்டுச் சிமென்ட் தரையில் அம்மாவின் தோட்டை வைத்துக் காட்டியதும் ‘பீப்’ என்றது. வீடே சந்தோஷப்பட்டது. தோட்டத்துக்குள் கொண்டுபோய்த் தரைக்கு அருகே பிடித்தான். அவ்வளவுதான், நிறுத்தாமல் கத்த ஆரம்பித்தது. கல்தூண் பக்கம் போனால் கத்தியது. வெறும் செம்மண்ணைக் காட்டினாலும் கத்தியது. சத்தத்தைக் குறைக்கத் திருகினால் அம்மாவின் தோட்டையும் சேர்த்து மறந்துபோனது.

“தங்கம் இவ்வளவு கிடக்குதுன்னா நாம ஏன்டா கடன் வாங்குறோம்?” என்றார் அப்பா. அந்த ஒரு வாரத்தில் அவர் பேசிய முதல் நகைச்சுவை அது.

கட்டில் கெடுத்த கண்டுபிடிப்பு

மெஷின் கெட்டுப்போய்விடவில்லை. அது அந்த இடத்துக்கான மெஷின் இல்லை, அவ்வளவுதான்.

இந்தத் தொல்லை மெட்டல் டிடெக்டர் பிறந்த காலத்திலேயே இருந்திருக்கிறது. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்புக்குள் குண்டு எங்கே நிற்கிறது என்று டாக்டர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. எக்ஸ்ரே வராத காலம். டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், உலோகம் பக்கத்தில் வந்தால் சத்தம் கொடுக்கும் கருவி ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு வெள்ளை மாளிகைக்குப் போனார். சோதனையில் நன்றாக வேலை செய்த கருவி, ஜனாதிபதியின் படுக்கை அருகே மட்டும் குழம்பியது. மெத்தைக்கு உள்ளே எஃகுக் கம்பிகள் இருந்தது பிறகுதான் தெரியவந்தது. அதோடு, குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது என்று தலைமை டாக்டர் உறுதியாக நம்பியதால் அந்தப் பக்கம் மட்டுமே தேட விட்டார். கார்ஃபீல்டு அந்தச் செப்டம்பரில் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடது பக்கம் இருந்தது.

கருவி வேலை செய்யும் விதம் அப்போதும் இப்போதும் அடிப்படையில் ஒன்றுதான். கீழே இருக்கும் வட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது மண்ணுக்குள் காந்தப்புலம் பரவுகிறது. அது உலோகத்தைத் தொட்டால் உலோகத்துக்குள் சின்னதாக ஒரு மின்னோட்டம் சுழல்கிறது. அந்தச் சுழற்சி திருப்பி அனுப்பும் பதிலை இன்னொரு சுருள் கேட்டுக்கொள்கிறது. சிக்கல் என்னவென்றால், மண்ணில் கலந்திருக்கும் இரும்புத் தாதுவும் பதில் சொல்கிறது. கிலோ கணக்கில் இருக்கும் மண்ணின் குரலுக்கு நடுவே ஒரு சின்னத் தாலியின் குரலைப் பிரித்துக் கேட்க வேண்டும்.

காந்தம் சொன்ன பாடம்

இரண்டாவது மெஷினுக்குப் பணம் போடுவதற்கு முன்னால் மகன் ஒரு காரியம் செய்தான். கடையில் கிடந்த பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். மூன்று இடத்தில் காய்ந்த மண்ணில் காந்தத்தை இழுத்துப் பார்த்தான்.

நடுத்தோட்டம் செம்மண். கவரில் மெல்லிய தூசி ஒட்டியது. மேல்மூலையில் முன்பு கண்மாய்க் கரம்பை அடித்த இடம். அங்கே ஒட்டியது ரொம்பக் குறைவு. ஆனால் ஓட்டாஞ்சில்லும் துருப்பிடித்த துண்டுகளும் கிடந்தன. கீழே ஓடைக்கரை மணல். அங்கே காந்தத்தை வைத்து எடுத்ததும் கறுப்பு மீசை முளைத்தது போலத் துகள்கள் நட்டுக்கொண்டு நின்றன.

ஓடைத் தண்ணீர் மலையிலிருந்து கொண்டுவரும் கனமான கருந்துகள் அது. மேக்னடைட் என்ற இரும்புத் தாது அதில் இருக்கும். மண் சிவப்பாக இருப்பதை மட்டும் வைத்து ‘இங்கே மெஷின் எடுபடாது’ என்று முடிவு கட்ட முடியாது. சிவப்புக்குக் காரணமான இரும்புத் துரு எல்லாமே காந்தத்தில் ஒட்டுவதில்லை. ஒட்டுகிற கருந்துகள்தான் மெஷினுக்குப் பெரிய எதிரி.

ஆக, ஒரே தோட்டத்துக்குள் மூன்று மண். அதைத் தெரிந்துகொள்ள ஆன செலவு ஒன்றும் இல்லை. மெஷின் வாங்க நினைக்கும் யாரும் முதலில் செய்ய வேண்டியது இந்தக் காந்தப் பரீட்சைதான்.

எதைப் பார்த்து வாங்குவது?

செல்போன் ரிப்பேர் செய்பவனுக்குக் கம்பிச் சுருளும் அதிர்வெண்ணும் புதிதில்லை. மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்து, நான்கு விஷயங்களை நோட்டில் எழுதிக்கொண்டான்.

முதலாவது, கிரவுண்டு பேலன்ஸ். ‘இந்த மண்ணின் குரல் இது, இதைக் கண்டுகொள்ளாதே’ என்று மெஷினுக்குக் கற்றுக்கொடுக்கும் வசதி. உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, வட்டைத் தரைக்கு மேல் ஏற்றி இறக்கினால் மெஷின் மண்ணைப் பழகிக்கொள்ளும். விலை குறைந்த பல மெஷின்களில் இது கம்பெனியிலேயே ஓர் அளவில் வைத்து மூடப்பட்டிருக்கும். சாதாரண மண்ணுக்கு அது போதும். காந்தத்தில் மீசை முளைக்கும் மண்ணுக்குப் போதாது.

இரண்டாவது, அதிர்வெண். சின்னத் தங்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் அதிர்வெண் நல்லது. பெரிய வெள்ளி, செம்புக் காசுகளை ஆழத்தில் தேடக் குறைந்த அதிர்வெண் நல்லது. ஆனால், அதிர்வெண் கூடக் கூட மண்ணின் தொல்லையும் கூடும். அமெரிக்காவின் கேரட் ஏஸ் 300 வேலை செய்வது 8 கிலோஹெர்ட்ஸில். அதில் கிரவுண்டு பேலன்ஸ் முன்கூட்டியே வைக்கப்பட்டது. துருக்கியின் நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12 கிலோஹெர்ட்ஸ், கிரவுண்டு பேலன்ஸை நாமே செய்துகொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் மைன்லேப் வேன்குவிஷ் வரிசை ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் கேட்கும், மண்ணுக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும். மூன்றுமே புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்று வந்தவைதான். எது உசத்தி என்பதை நம் மண்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, வட்டின் அளவு. பெரிய வட்டு ஆழம் போகும், ஒரே வீச்சில் அதிக இடத்தையும் பார்க்கும். ஆனால், அதிக மண்ணையும் குப்பையையும் சேர்த்தே கேட்கும். கல்தூணுக்குக் கல்தூண் கம்பி கட்டியிருக்கும் பந்தலுக்குள் சின்ன வட்டுதான் லாயக்கு. ‘டபுள் டி’ எனப்படும் வகை, தாதுள்ள மண்ணை இன்னும் நன்றாகச் சமாளிக்கும்.

நான்காவது, பிரித்துக் காட்டும் வசதி. இரும்பு என்றால் ஒரு சத்தம், மற்றது என்றால் ஒரு சத்தம். இதை நம்பி ஏமாறக் கூடாது. சின்னத் தங்கம் திரையில் காட்டும் எண்ணும், மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள் காட்டும் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ‘தங்கம் மட்டும் காட்டும்’ என்று விளம்பரம் செய்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். பத்தடி ஆழம் என்பதும் அப்படியே. மோதிரம் அளவுள்ள பொருளுக்கு ஒரு சாண் ஆழம் கிடைத்தாலே இந்த விலை மெஷினில் பெரிய காரியம்.

கடைசியில் ஒருவர் பயன்படுத்திய மெஷின் பாதி விலைக்குக் கிடைத்தது. கிரவுண்டு பேலன்ஸ் நாமே செய்யலாம், சின்ன வட்டு. முதல் மெஷினுக்குக் கொடுத்த பணத்தை மிச்சம் பிடித்திருந்தால் அதற்கும் கடன் வாங்கியிருக்க வேண்டாம்.

முதலில் புதைத்துப் பழகியது

மெஷின் வந்ததும் அவன் தேடப் போகவில்லை. புதைக்கப் போனான். அண்ணியின் மோதிரத்தை நூலில் கட்டி, நூலின் மறுமுனையைக் குச்சியில் முடிந்து, செம்மண்ணில் நான்கு விரல் ஆழத்தில் புதைத்தான். “நூலு பத்திரம் தம்பி” என்று அண்ணி கூடவே நின்றார். மெஷின் தெளிவாகக் காட்டியது. ஒரு சாண் ஆழத்தில் புதைத்தபோது சத்தம் இருந்தும் இல்லாததுபோல் ஆனது.

பிறகு ஒரு மெல்லிய செயினை வைத்துப் பார்த்தான். அங்கேதான் நெஞ்சு பக்கென்றது. நீளமாக விரித்து வைத்த செயினை மெஷின் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளவே இல்லை. செயின் என்பது நமக்குத்தான் ஒரே பொருள், மெஷினுக்கு அது தனித்தனிக் குட்டி வளையங்கள். ஒவ்வொன்றும் கொடுக்கும் சத்தம் ரொம்பச் சின்னது. செயினின் கொக்கியும், கட்டியாக இருக்கும் தாலியும்தான் பேசும். அதனால் செயினைத் தேடக் கூடாது, தாலியைத் தேட வேண்டும் என்று முடிவு செய்தான்.

இன்னொரு பாடமும் கிடைத்தது. மண்ணைப் பழக்க வட்டை இடுப்புக்கு மேல் தூக்கினால் பந்தல் கம்பியும் கணக்கில் சேர்ந்து எல்லாம் குழம்பியது. முழங்காலுக்குக் கீழேயே ஏற்றி இறக்கினால் சரியாக வந்தது. மோட்டார் ஓடும் நேரத்தில் சத்தம் கூடியது, நிறுத்தியதும் அடங்கியது. செல்போனைத் தூரமாக வைத்துவிட்டான்.

நான்கு நாள் காலையில் கடை திறப்பதற்கு முன், வரிசை வரிசையாகத் தேடினான். அம்மா காட்டிய இடம் முழுக்கத் தேடினான். வலதுபக்கமாக வீசும்போதும் இடதுபக்கமாக வீசும்போதும் ஒரே இடத்தில் சத்தம் வந்தால் மட்டும் தோண்டுவது, கொடியின் வேரும் சொட்டுநீர்க் குழாயும் வெட்டுப்படாமல் சின்னக் கரண்டியால் தோண்டுவது, உடனே குழியை மூடுவது என்று ஒழுங்கு வைத்துக்கொண்டான். கட்டுக்கம்பித் துண்டுகள், ஆணி, பாட்டில் மூடி, மருந்து டப்பாவின் அலுமினிய மூடித்தாள், ஒரு ரூபாய் நாணயம் இரண்டு. தாலி இல்லை.

புதையல் கேட்டு வந்தவர்கள்

மெஷின் வந்த செய்தி ஊருக்குள் பரவியது. ஒருநாள் ராத்திரி இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். பழைய கோயில் மேடு ஒன்று இருக்கிறது, ஒரே ஒரு ராத்திரி மெஷினைக் கொண்டுவந்தால் போதும், பாதிக்குப் பாதி என்றார்கள்.

மகன் மறுத்துவிட்டான். புதையல் சட்டம் 1878-லிருந்தே இருக்கிறது. மண்ணுக்குள் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம். திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயிலில் 2020 பிப்ரவரியில் மண் தோண்டும்போது 505 தங்கக் காசுகள் ஒரு கலயத்தில் கிடைத்தன. அவை அதிகாரிகளிடம்தான் போய்ச் சேர்ந்தன.

தேனி மாவட்டத்துக்கு இது ரொம்பவே பொருந்தும். ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் கண்டுபிடித்த தமிழி எழுத்து நடுகற்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழையவை என்று அறியப்பட்டவை. அவற்றில் தங்கம் இல்லை, எழுத்துதான் இருந்தது. ராத்திரியில் கடப்பாரையோடு போகிறவர்கள் கையில் அப்படி ஒரு கல் கிடைத்தால் அது என்ன ஆகும்?

நேர்மையாகத் தேடியவர்களுக்கும் புதையல் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தில் ஹாக்ஸன் என்ற கிராமத்தில் 1992 நவம்பரில் ஒரு விவசாயியின் சுத்தியல் வயலில் தொலைந்துபோனது. அவருடைய நண்பர் எரிக் லாஸ் மெட்டல் டிடெக்டரோடு அதைத் தேடப் போனார். கிடைத்தது ரோமானியர் காலத்துப் புதையல், காசுகள் மட்டும் ஏறத்தாழ 15,000. கொஞ்சம் தோண்டியதுமே நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொன்னார் லாஸ். தொல்லியல் ஆட்கள் வந்து முறையாக எடுத்தார்கள். லாஸுக்குப் பெரிய வெகுமதி கிடைத்தது, அதை நிலத்து விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார். அந்தச் சுத்தியலும் கிடைத்தது. இப்போது அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

சின்னம்மா சொன்ன இடம்

ஐந்தாவது நாள் காலையில் மகன் மெஷினை வீட்டிலேயே வைத்துவிட்டுச் சின்னம்மா வீட்டுக்குப் போனான். அவர் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“சின்னம்மா, செயினைப் பத்திக் கேக்க வரலை. அன்னைக்கு அம்மா எங்கெங்க நின்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அவங்களுக்கு ஞாபகம் இல்லை.”

கொஞ்ச நேரம் தண்ணீர் தெளிக்கும் சத்தம்தான். அப்புறம், முகம் பார்க்காமலே சொன்னார்.

“உங்கம்மா மத்தியானத்துக்கு மேல வரிசையில நிக்கவே இல்லய்யா. குச்சிக் கட்டைத்தான் சொமந்துச்சு. நெஞ்சோட அணைச்சு அணைச்சுத் தூக்கிட்டுப் போயி ஓடைக்கரையில போட்டுச்சு. வேணாங்க்கா, நாங்க தூக்குறோம்னு சொன்னேன். கேக்கல. இதை அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்க கேட்டது வேற கேள்வி.”

பெல்லின் கருவி தவறான பக்கத்தில் தேடியது போலத்தான் இவனும் நான்கு நாளாகத் தேடிக்கொண்டிருந்தான்.

வெட்டிய குச்சிகள் ஓடைக்கரையில் இடுப்பளவு குவிந்து கிடந்தன. இடையில் பெய்த மழையால் கொளுத்தாமல் விட்டிருந்தார்கள். அதுவே பெரிய அதிர்ஷ்டம். மகன் மெஷினைப் போட்டதும் மறுபடியும் பழைய கூச்சல். செம்மண்ணுக்குப் பழக்கிய மெஷின் கருந்துகள் நிறைந்த மணலில் தடுமாறியது. அவன் பதறவில்லை. சுத்தமான ஓர் இடத்தில் வட்டை ஏற்றி இறக்கி, ஓடை மணலுக்குப் புதிதாகப் பழக்கினான். உணர்திறனைக் கொஞ்சம் குறைத்தான். கூச்சல் அடங்கியது. ஆழம் குறையும்தான், ஆனால் இங்கே தேடுவது மேலாகக் கிடக்கும் பொருளைத்தானே.

குச்சிகளை அள்ளி அள்ளிப் பக்கத்தில் பரப்பி, ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தார்கள். அப்பாவும் அண்ணனும் கை கொடுத்தார்கள். இரண்டு காலை அதிலேயே போனது. மூன்றாம் நாள், குவியலின் அடியில், மணலுக்கு மேலாக ஒரு சத்தம். வலமிருந்து வீசினாலும் இடமிருந்து வீசினாலும் அதே இடம். திரையில் மாத்திரை அட்டைக்கு வரும் அதே எண். மகன் மெஷினைக் கீழே வைத்துவிட்டுக் கையால் மணலை விலக்கினான்.

ஒரு குச்சியின் கவட்டையில் தாலி சிக்கியிருந்தது, மூன்று குண்டுகளோடு. செயினில் பாதி அதோடு தொங்கியது. அறுந்த மறுபாதி அதற்கு ஒரு சாண் தள்ளி மணலுக்குள் கிடந்தது. அதை மெஷின் காட்டவே இல்லை, விரல்தான் கண்டுபிடித்தது. நான்காவது குண்டு இன்றுவரை கிடைக்கவில்லை.

கிடைத்த பிறகு

அந்த அம்மா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு நேராகச் சின்னம்மா வீட்டுக்கு நடந்தார். போகிற வழியில் கேட்டவர்களிடம் எல்லாம் நின்று, “கெடைச்சிருச்சு, ஓடைக்கரையில கெடந்துச்சு. அவதான் எடத்தைச் சொன்னா” என்று சொல்லிக்கொண்டே போனார். அன்றைக்கு அவர் வேண்டுமென்றே சுற்றுவழியில் போனார் என்று பிறகு அப்பா சொன்னார்.

சின்னம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். “என் வாய்தான் தப்பாப் பேசிருச்சு. மனசுல வச்சுக்காதத்தா” என்றார்.

சின்னம்மா தாலியைத் தொட்டுப் பார்த்தார். நன்றாக இருந்தது என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

“மெஷினு சொன்னதுக்கப்புறம் வந்தீகளேக்கா... பதினெட்டு வருசமா நான் சொன்னது பத்தலையா?”

அதற்கு அந்த அம்மாவிடம் பதில் இல்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு சின்னம்மா எழுந்து உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

அந்தப் பருவம் முழுக்க அவர் வேலைக்கு வரவில்லை. வேறு தோட்டத்துக்குப் போனார். யாரும் போய் வற்புறுத்தவில்லை. அடுத்த கவாத்துக்கு, கூப்பிடாமலே ஒருநாள் காலையில் தலைத்துண்டோடு வந்து நின்றார். அன்றிலிருந்து குச்சிக் கட்டை யார் சுமப்பது என்பதை அவர்தான் சொல்கிறார். தோட்டத்துக்குக் கிளம்பும் நாட்களில் அந்த அம்மா செயினைக் கழற்றி வைத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்கிறார்.

மெஷின் இப்போது கடையில் ஒரு மூலையில் நிற்கிறது. களத்தில் விழுந்த தோடு, வரப்பில் தொலைந்த டிராக்டர் சாவி, மண் மூடிய வால்வு என்று யாராவது கூப்பிட்டால் மகன் எடுத்துக்கொண்டு போகிறான். கூலி வாங்குவதில்லை. போவதற்கு முன் இரண்டு கேள்வி மட்டும் கேட்பான். “அங்க மண்ணு எப்படி? தொலைஞ்ச அன்னைக்கு உங்ககூட யாரு இருந்தது?”

இரண்டாவது கேள்விக்கு யாராவது ஒரு பேரைச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினால், அவன் உடனே மெஷினைத் தோளில் போட்டுக்கொள்வான். “முதல்ல அவங்களைக் கூட்டிட்டு வாங்க. அவங்கதான் இடம் காட்டணும்” என்பான்.